டன் கணக்கு போதும், மில்லிகிராமுக்கு வாருங்கள்

பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் மேண்டில் புதிதாக இருக்கும்போது பட்டுத்துணிப் பை போல மெத்தென்று இருக்கும். ஒருமுறை எரித்துவிட்டால் துணி போய்விடும். மிஞ்சுவது விரல் பட்டாலே உதிர்ந்துவிடும் வெள்ளைச் சாம்பல் கூடு. கல்யாணப் பந்தலையும் திருவிழாக் கடைகளையும் அந்தக் கூடுதான் ஒளிர வைத்தது. அது பெரும்பாலும் தோரியம் ஆக்சைடு. உலகம் தோரியத்தை முதலில் தேடி அலைந்தது இந்த மேண்டிலுக்காகத்தான். தென் திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் கனிமம் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டுகொண்டதும், அதையடுத்து மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை எழுந்ததும் அந்தத் தேடலின் பலன். மின்விளக்கு வந்தது, மேண்டில் மங்கியது. 1954-இல் ஹோமி பாபா மூன்று கட்ட அணுமின் திட்டத்தை முன்வைத்தபோது தோரியத்துக்கு எதிர்கால எரிபொருள் என்ற இரண்டாவது வாழ்வு கிடைத்தது. அன்றிலிருந்து நம் அரசு அறிக்கைகளிலும் மேடைப் பேச்சிலும் தோரியம் என்றாலே டன் கணக்குதான். இத்தனை லட்சம் டன் இருக்கிறது, இத்தனை நூறு ஆண்டுக்கு மின்சாரம் வரும் என்பதைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. இதற்கிடையில், 2023 தொடங்கி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த சில அணுக்கரு இயற்பியல் சோதனைகள் அதே தனிமத்துக்கு மூன்றாவது வாழ்வைக் கொடுத்துவிட்டன. அங்கே கணக்கு மில்லிகிராமில். சில சமயம் அதற்கும் கீழே. அந்தக் கணக்கில் இந்தியாவுக்கு இயல்பாகவே ஓர் இடம் இருக்கிறது. அதில் உட்காரத் தயங்குவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் வலுவானதல்ல.

விஷயம் என்னவென்று முதலில் பார்ப்போம். எந்தக் கடிகாரமும் ஆட்டத்தை எண்ணும் கருவிதான். சுவர்க் கடிகாரம் பெண்டுலத்தின் ஆட்டத்தை எண்ணுகிறது. இன்று ஒரு விநாடி என்பதைத் தீர்மானிக்கும் சீசியம் அணுக் கடிகாரம், அணுவின் வெளிப்புறத்தில் இருக்கும் எலெக்ட்ரானோடு தொடர்புடைய ஓர் அலைவை எண்ணுகிறது. 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அலைவுகள் ஆனால் ஒரு விநாடி. சிக்கல் எங்கே என்றால், எலெக்ட்ரான்கள் அணுவின் திண்ணையில் உட்கார்ந்திருப்பவை. பக்கத்தில் காந்தப்புலம், மின்புலம், வெப்பம் என எது வந்தாலும் முதலில் அவற்றுக்குத்தான் உறைக்கும். அணுக்கரு அப்படியல்ல. அணுவைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது, எலெக்ட்ரான் மேகத்துக்கு உள்ளே ஒளிந்திருப்பது, வெளிக்காற்று படாதது. அதன் ஆட்டத்தை எண்ண முடிந்தால் அசைக்க முடியாத கடிகாரம் கிடைக்கும். ஆனால் அணுக்கருவை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றப் பொதுவாக ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். லேசர் ஒளியோ சில எலெக்ட்ரான் வோல்ட்டோடு நின்றுவிடும். நமக்குத் தெரிந்த 3,000-க்கும் மேற்பட்ட அணுக்கரு வகைகளில் ஒன்றே ஒன்றுதான் லேசருக்கு எட்டும் தூரத்தில் முதல் படியை வைத்திருக்கிறது. அது தோரியம்-229. படியின் உயரம் 8.4 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அணுக்கருவுக்குள் நேர்மின் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுவதும், வலுவான அணுக்கரு விசை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவதும் கிட்டத்தட்ட முழுசாகக் கழிந்துபோய் மிஞ்சிய சில்லறை அது.

அந்தச் சில்லறை எவ்வளவு என்று எண்ணி முடிக்க 48 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1976-இல் அமெரிக்காவின் ஐடஹோவில் க்ரோகர், ரைக் என்ற இருவர் யுரேனியம்-233 சிதையும்போது வரும் காமாக் கதிர்களை ஆராய்ந்து, தோரியம்-229-இன் அடித்தளத்தை ஒட்டியே இன்னொரு படி இருக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு உயரத்தில் என்று சொல்ல முடியவில்லை. பல்லாயிரம் எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட கதிர்களை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, சில எலெக்ட்ரான் வோல்ட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். லாரியை எடைமேடையில் இரண்டு முறை நிறுத்தி, டிரைவரின் டிபன் கேரியர் என்ன எடை என்று கழித்துப் பார்ப்பது போன்ற வேலை. 1994-இல் 3.5 என்ற விடை வந்தது. உலகெங்கும் பலர் அதை நம்பி, அதற்குரிய நிறத்தில் ஒளி வருகிறதா என்று தேடினார்கள். 1997, 98-இல் ஒளியைக் கண்டுவிட்டோம் என்று அறிவிப்புகளும் வந்தன. ஓராண்டுக்குள் உண்மை தெரிந்தது: கதிரியக்கம் பட்டு ஒளிர்ந்தது சுற்றியிருந்த காற்றின் நைட்ரஜன். தோரியம் வாயே திறக்கவில்லை. 2007-இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் இன்னும் கூர்மையான உணரியைக் கொண்டு அளந்து 7.6 என்றார்கள். அதாவது, பத்தாண்டுக்கு மேல் எல்லோரும் தவறான தெருவில் தவறான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சரியான ஒளி கண்ணுக்குத் தெரியாத ஆழ்ந்த புற ஊதாப் பகுதியில் இருந்தது; காற்றே அதை விழுங்கிவிடும், சாதாரணக் கண்ணாடியும் விடாது. 2016-இல் மியூனிக் பல்கலைக்கழகக் குழு அந்தப் படி உண்மையில் இருக்கிறது என்பதை நேரடியாகக் காட்டியது. 2023-இல் செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்ட் கூடத்தில் ஆக்டினியம்-229-ஐப் படிகத்துக்குள் சேர்த்து, அது தோரியமாக மாறியபின் வந்த ஒளியை முதன்முறையாகப் பிடித்தார்கள். அளவு 8.338, பிழை 0.024. சரியான தெரு கிடைத்துவிட்டது, இனி வீட்டு எண்தான் பாக்கி.

அந்த எண்ணைக் கண்டுபிடித்த சோதனை எளிமையானது, பொறுமையைச் சோதிப்பது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் ஷும் குழு கால்சியம் ஃபுளோரைடு படிகத்துக்குள் தோரியம்-229 அணுக்களைப் பதித்து வளர்த்தது. சில மில்லிமீட்டர் அளவுள்ள, கண்ணாடிச் சில்லு போன்ற படிகம். ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனத்தில் எக்கேஹார்ட் பைக் குழு தனியாகக் கட்டிய லேசரை அதன்மேல் அடித்தார்கள். பிறகு லேசரை நிறுத்திவிட்டு, இருட்டில் உட்கார்ந்து, படிகத்திலிருந்து ஏதாவது ஒளித்துகள் வருகிறதா என்று எண்ண வேண்டும். வராவிட்டால் நிறத்தை இம்மியளவு நகர்த்தி மறுபடி அடிக்க வேண்டும். 2023 நவம்பர் 21 அன்று, 148.38 நானோமீட்டரில், படிகம் பதில் சொன்னது. அணுக்கரு ஏறிய படியிலிருந்து மெல்ல இறங்க, ஒளி சுமார் 10 நிமிட ஆயுளோடு தேய்ந்து அடங்கியது. நைட்ரஜன் ஏமாற்றிய பாடம் யாருக்கும் மறக்கவில்லை. அதனால் சரிபார்ப்பதற்கு இன்னொரு படிகத்தையும் வைத்திருந்தார்கள். அதில் பதித்தது சாதாரணத் தோரியம்-232. நம் கடற்கரை மணலில் இருக்கும் அதே வகை. அது கடைசிவரை மௌனமாகவே இருந்தது. முடிவு 2024 ஏப்ரலில் வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில் கொலராடோவின் ஜிலா ஆய்வகத்தில் ஜுன் யே குழு, வியன்னாவின் படிகத்தையும் தங்கள் ஸ்ட்ரான்டியம் கடிகாரத்தையும் இணைத்து, அணுக்கருவின் அலைவை விநாடிக்கு 2,020 லட்சம் கோடி என்று எண்ணிவிட்டது. கிலோஹெர்ட்ஸில் எழுதினால் 13 இலக்கம். சந்தேகம் கடைசி இலக்கத்தில் மட்டும். சில மாதங்களுக்குமுன் இருந்த துல்லியத்தைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு மேல்.

இங்கேதான் முதல் ஆட்சேபம் எழும்: இதனால் இன்றைக்கு என்ன லாபம்? நேர்மையான பதில், கடிகாரம் என்ற வகையில் இன்றைக்கு லாபமில்லை. மிகச் சிறந்த ஸ்ட்ரான்டியம், அலுமினியக் கடிகாரங்கள் 18 இலக்கத் துல்லியத்தில் ஓடுகின்றன. தோரியம் இன்னும் 12-ஐச் சுற்றித்தான் நிற்கிறது. லேசர்களும் பெரிய மேசையை நிறைக்கின்றன. ஆனால் அந்தக் கடிகாரங்கள் வெற்றிடக் குழாய்க்குள் அணுக்களை அந்தரத்தில் பிடித்து வைத்தால்தான் ஓடும். தோரியக் கடிகாரம் கையில் எடுக்கக்கூடிய ஒரு திடப்பொருளில் ஓடும். விண்கலத்தில் ஏற்றும் கருவிக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை இந்தியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபிடியம் கடிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. அவை ஐரோப்பாவிலிருந்து வாங்கியவை. கலம் வானில் நன்றாகவே இருந்தது. கடிகாரம் நின்றதால் வழிகாட்டும் பணிக்கு அது உதவாமல் போயிற்று. ஒரு நானோவிநாடி தவறினால் தரையில் 30 சென்டிமீட்டர் தவறும், கணக்கு அவ்வளவு கறார். மாற்றாக 2017-இல் அனுப்பிய கலம் வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. உள்நாட்டில் செய்த ருபிடியம் கடிகாரம் என்.வி.எஸ்.-01 கலத்தில் பறக்க 2023 மே ஆயிற்று. கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு பொருளுக்காக நாம் கட்டிய வட்டி அது. அடுத்த தலைமுறைக் கடிகாரத்திலும் அப்படியே இருக்க வேண்டுமா?

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூரானது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அமெரிக்காவும் ஓட்டத்தை முடித்தபிறகு நாம் ஏன் மூச்சிரைக்க ஓட வேண்டும்? லேசர் தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் இந்தத் துறையில் லேசரைவிட அரிதானது பொருள். தோரியம்-229 எந்தச் சுரங்கத்திலும் எடுக்கக்கூடிய அளவில் கிடைக்காது. அதன் அரை ஆயுள் சுமார் 7,900 ஆண்டுகள்தான், பூமி தோன்றியபோது இருந்ததெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது. உலகில் இன்று கையாளக் கிடைப்பது கிராம் கணக்கில்தான். அது வருவது யுரேனியம்-233 மெல்லச் சிதைவதிலிருந்து. யுரேனியம்-233 வருவது, நம் மணலில் கிடைக்கும் தோரியம்-232-ஐ உலையில் வைத்து நியூட்ரான் ஊட்டுவதிலிருந்து. தோரியத்தை உலையில் வைப்பது, அதிலிருந்து யுரேனியம்-233-ஐப் பிரிப்பது, எரிபொருளாக வார்ப்பது என்ற முழுச் சங்கிலியையும் அரை நூற்றாண்டாகச் செய்துவரும் நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கல்பாக்கத்தில் 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய காமினி உலை யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டது. 30 கிலோவாட் வெப்பத்திறன்தான். ராக்கெட்டுகளில் பிரிவுகளைக் கழற்றிவிடும் சிறு வெடிகருவிகளை நியூட்ரானால் படமெடுத்துச் சோதிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதன் வயிற்றில் இருக்கும் யுரேனியம்-233 சுமார் 600 கிராம்.

கணக்குப் போடுவது எளிது. யுரேனியம்-233-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,59,000 ஆண்டுகள். அப்படியானால் ஒரு கிலோவிலிருந்து ஆண்டுக்கு 4 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தோரியம்-229 பிறக்கும். டன் கணக்கில் பேசிப் பழகியவர்களுக்கு இது தூசு. ஆனால் ஜிலா குழு 2024 இறுதியில் காட்டிய மெல்லிய படலத்துக்குத் தேவைப்பட்டது சில மைக்ரோகிராம்தான். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகக் குழு, படிகம் வளர்க்கும் பெரும்பாட்டையே விட்டுவிட்டு, நகைக்கு முலாம் பூசுவதுபோல எஃகுத் தகட்டின்மேல் தோரியத்தை மின்முலாமாகப் பூசி அணுக்கருவின் பதிலைக் கேட்டிருக்கிறது. பல ஆண்டு படிக வளர்ப்புத் திறமை இல்லாத ஆய்வகத்துக்கும் கதவு திறந்திருக்கிறது என்பது இதன் பொருள். இதைவிட நல்ல சமயம் வராது.

பொருளைத் தூக்கியெறியப் பார்த்துப் பிறகு கையைப் பிசைந்துகொண்ட நாடு அமெரிக்கா. டென்னசியின் ஓக் ரிட்ஜில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த யுரேனியம்-233 ஆபத்தான பழைய சுமை என்று கருதப்பட்டது. அதிலிருந்து தோரியம்-229-ஐப் பிரிக்கும் மருத்துவத் திட்டத்தை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் நீர்க்கச் செய்து புதைக்கும்படி 2005-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சொன்னது. பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் அரசும், பில் கேட்ஸ் தொடங்கிய டெர்ராபவர் நிறுவனமும், அங்குள்ள ஒப்பந்ததாரரும் சேர்ந்து, புதைக்குமுன் தோரியத்தைப் பிரித்தெடுக்க ஏற்பாடு செய்தார்கள். இந்த மனமாற்றத்துக்குக் காரணம் கடிகாரம்கூட அல்ல, புற்றுநோய். தோரியம்-229 சிதைந்து வரும் ஆக்டினியம்-225-இன் அரை ஆயுள் 10 நாள். அது வீசும் ஆல்ஃபாத் துகள் சில செல்களின் தூரத்தோடு நின்றுவிடும். சரியான மூலக்கூறில் கட்டி அனுப்பினால், பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுச் செல்லைத் தேடிப்போய் அடிக்கும். டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையின் முடிவுகளை உலக ஆய்விதழ்களில் வெளியிட்டிருக்கிறார்கள். திறமை இருக்கிறது, நோயாளிகள் இருக்கிறார்கள், மருந்துக்குத்தான் தட்டுப்பாடு. ஓக் ரிட்ஜ், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ, ரஷ்யாவின் ஒப்னின்ஸ்க் என்ற மூன்று இடங்களில் இருந்த சிறு தோரியம்-229 இருப்புகள்தான் நீண்ட காலம் உலகத்துக்கே ஆக்டினியம் கொடுத்தன. தோரியம் இங்கே கறவை மாடு மாதிரி: சில வாரங்களுக்கு ஒருமுறை ஆக்டினியத்தைக் கறந்துகொள்ளலாம், மாடு அப்படியே இருக்கும். எனவே கடிகாரமா மருந்தா என்ற சண்டைக்கும் இடமில்லை. மருந்துக்கு வைத்திருக்கும் இருப்பிலிருந்து கடிகாரத்துக்குக் கிள்ளிக் கொடுத்தால் போதும்.

இதைச் சொன்னதும் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் எதிர்த்துவருகிறார்கள். தோரியத்தின் புதுப் பெருமை அந்தத் திட்டத்துக்கு இன்னொரு சாக்காகிவிடுமோ என்ற பயம் இயல்பானது. ஆனால் வாதம் நேர்மாறாகப் போகிறது. கடிகாரத்துக்கும் ஆக்டினியத்துக்கும் வேண்டிய வகை மணலில் இல்லை. ஏற்கெனவே பிரித்து வைத்த யுரேனியத்தில்தான் இருக்கிறது. இதற்காக ஒரு கூடை மணலைக்கூடப் புதிதாக அள்ள வேண்டியதில்லை. அப்படி யாராவது மேடையில் சொன்னால், அவருக்கு 232-க்கும் 229-க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று பொருள்.

கடினமான ஆட்சேபம் அணுசக்தித் துறைக்குள்ளிருந்து வரும். யுரேனியம்-233 ஆயுதத்துக்கு உதவக்கூடிய பொருள், அதன் கணக்கை வெளியில் பேச முடியாது; கூடவே ஒட்டியிருக்கும் யுரேனியம்-232-இன் வழிவரும் வீரியமான காமாக் கதிரால் அதைக் கையாள்வதும் சுலபமில்லை. இரண்டும் உண்மை. கதிர்த் தொல்லையைத் தடித்த சுவருக்குள் இயந்திரக் கைகளால் சமாளிக்கும் பழக்கம் டிராம்பே, கல்பாக்கம் அணு ஆய்வு மையங்களில் நெடுங்காலமாக உண்டு. தோரியத்தோடு கூடவே வரும் தோரியம்-228-க்கு அரை ஆயுள் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. யுரேனியத்திலிருந்து பிரித்துத் தனியே வைத்தால் தானே தேய்ந்துவிடும். ரகசியத்தைப் பொறுத்தவரை, யாரும் யுரேனியத்தைக் கேட்கவில்லை. பிரித்து வெளியே வரும் தோரியம்-229-ஐ, அதுவும் மில்லிகிராமில், வைத்துக்கொண்டு யாரும் ஆயுதம் செய்துவிட முடியாது. காமினியைப் பிரித்துப் போடவும் யாரும் சொல்லவில்லை. அந்த உலை தன் ஆயுளை ஓட்டட்டும். மறுசுழற்சிக்கு எடுக்கும் எரிபொருளிலும், பிரித்துப் பல ஆண்டாகக் கிடக்கும் யுரேனியத்திலும் சேர்ந்திருப்பதைக் கழிவோடு கழிவாக விடாமல் தனியே எடுத்துவைப்பதுதான் கோரிக்கை.

ஏழை நாட்டுக்கு இது ஆடம்பரம் என்பார் சொல்லும் வாதம் எனக்கு எப்போதும் பாதிதான் புரிந்திருக்கிறது. பல்லாயிரம் கோடியில் உலை கட்டும்போது வராத ஏழ்மை, பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று லேசர் கேட்கும்போது மட்டும் வந்துவிடுகிறது. 48 ஆண்டுக் கதையை மேலே விரித்துச் சொன்னதன் காரணமும் இதுதான். மூன்றாண்டு நிதி, முடிவில் பயன் அறிக்கை என்ற நம் வழக்கத்தில் 1994-இன் தவறான விடையோ 1998-இன் நைட்ரஜன் ஏமாற்றமோ நேர்ந்திருந்தால் கோப்பு அன்றே மூடப்பட்டிருக்கும்.

அணுசக்தித் துறை தன் யுரேனியம்-233-இலிருந்து பிரித்த தோரியம்-229 எவ்வளவு, பிரிக்கக்கூடியது எவ்வளவு என்ற கணக்கை மட்டும் பொதுவில் வைக்கட்டும். அதில் ஒரு பங்கை ஆக்டினியத்துக்கு ஒதுக்கிப் புற்றுநோய் மருத்துவமனைகளோடு இணைக்கட்டும். ஆண்டுக்கு ஒரு மில்லிகிராமையாவது, நாட்டின் நேரத்தைக் காக்கும் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கும், விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் திறந்த முறையில் கொடுக்கட்டும். புது உலையோ புதுச் சுரங்கமோ இதற்கு வேண்டாம். யுரேனியம் யார் அனுமதிக்கும் காத்திருக்காமல் சிதைந்துகொண்டிருக்கிறது. காமினியின் 600 கிராமில் மட்டும் நாளொன்றுக்கு 7 மைக்ரோகிராம் தோரியம்-229 சேர்கிறது.